கருப்புக்குக் குரல்

"இப்பக்கூட என் பேரைச் சொன்னீக. என்ன பேசிக்கிட்டீகன்னு தமிழ்ல சொல்லு மாப்ள."

வெங்கடேஷ்பாபு தங்கையைப் பார்த்தான். வித்யாஸ்ரீ கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கேட்ட கருப்பு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேலே, மாடியில் இருந்த அந்த ரெக்கார்டிங் அறைக்கு அவர் வராத நாளில்லை. அவரும் இந்தப் பிள்ளைகளின் அப்பா ராதாகிருஷ்ணனும் சேர்ந்துதான் உள்ளூர் கேபிள் சேனலை ஆரம்பித்தார்கள். போன ஐப்பசியில், ஒரு மழை நாளில், இதே கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து விழுந்து ராதாகிருஷ்ணன் இறந்துபோனார். கால் வழுக்கிவிட்டது என்று போலீஸ் கேஸை மூடியது. கருப்பு அந்த நேரம் கீழே டீக்கடையில் இருந்ததாக எழுதிக்கொண்டார்கள். சேனல் இப்போது அவருடையது.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டார் மனிதர். காரியத்தில் ஓடியாடி நின்றது அவர்தான். சேனலுக்கான டப்பிங் வேலையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். ஆனால் கொஞ்ச நாளாக, அவர் தலையைக் கண்டதும் அண்ணனும் தங்கையும் வீட்டுப் பாஷைக்கு மாறிவிடுகிறார்கள். எத்தனையோ வருஷம் பழகியும் வா, போ, சாப்பிடு என்பதைத் தாண்டி சௌராஷ்டிரம் அவருக்கு ஏறவில்லை. மடமடவென்று ஓடும் அந்தப் பேச்சில் மூன்றே வார்த்தைதான் காதில் நிற்கும். போலீஸ். கொலை. கருப்பு.

இதைக் கேட்ட மனுஷனுக்குச் சோறு இறங்குமா? ஒருநாள் காதில் விழுந்த சத்தத்தை அப்படியே மனசில் வைத்துக்கொண்டு போய், கீழே தறி வைத்திருந்தவரிடம் அர்த்தம் கேட்டார். அப்படி ஒரு வார்த்தையே எங்கள் பாஷையில் கிடையாது என்று அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் கருப்புக்குச் சரியாகப் படவில்லை. நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஆள் அவர். கூட்டாளியைக் கொன்றவன் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் போச்சு, அப்புறம் போலீஸ் மறுபடி வரும், செல்லூருக்குள் தலைகாட்ட முடியாது.

"எம்மேல எதுவும் சந்தேகமா மாப்ள?" என்று இன்று கேட்டேவிட்டார்.

வித்யாஸ்ரீ தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மாமா, அது நீங்க இல்ல. இங்க பாருங்க" என்று மானிட்டரைத் திருப்பினாள்.

ஜப்பான் கார்ட்டூன். அவர் சேனலுக்காகத்தான் தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெயிலே எட்டாத ஒரு நகரம். சுவருக்குச் சுவர் சர்க்கார் காது வைத்திருக்கிறது. தூக்கத்தில் உளறினாலும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், பெற்ற பிள்ளையே அப்பனைக் காட்டிக்கொடுக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் யார் கையிலும் சிக்காமல் கொலை செய்துகொண்டு திரிகிறவன் பெயர்தான் கருப்பு. இன்றைக்குப் பதிவாகப் போவது கதையே திரும்புகிற இடம். போலீஸ்காரன் எதிரில் கருப்பு வாயைத் திறக்கிற கட்டம். வெங்கடேஷ்பாபு இதைச் சொல்லி முடிப்பதற்குள் கருப்பு சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அடப்பாவிகளா, இம்புட்டுத்தானா? ஒரு மாசமா செத்துச் செத்துப் பொழைக்கிறேன்டா."

அந்த சந்தோஷத்தில் அவரிடம் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். வித்யாஸ்ரீ கேட்டது குரலை. கருப்புக்குப் பேசுகிற ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது, நீங்களே பேசுங்கள், பேரும் பொருத்தமாக இருக்கிறது என்று கெஞ்சினாள். மைக் முன்னால் நிற்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிவிட்டு, வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். திரையில் அவன் வாய் அசைகிறவரை இவர் பேச வேண்டும். எழுதிய வசனம் தீர்ந்துபோனால் வாயில் வருவதைச் சொல்லி நிரப்ப வேண்டும். நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

படம் ஓடியது. மழை கொட்டுகிற ஒரு பாலம். முக்காடு போட்ட கொலைகாரன், தன் கூட்டாளியை ஆற்றில் தள்ளிய கதையைச் சொல்கிறான். எழுதிக்கொடுத்த வரிகளைக் கருப்பு கணீரென்று படித்து முடித்தார். திரையில் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"நிப்பாட்டாதீங்க மாமா" என்றாள் வித்யாஸ்ரீ ஹெட்போனில்.

"தள்ளணும்னு நான் வரல" என்று நிரப்பினார். வாய் அசைந்தது. "ஊரே அவனத்தான் மொதலாளின்னுச்சு. என்னைய எடுபிடின்னுச்சு." வாய் அசைந்துகொண்டே இருந்தது. "குனிஞ்சு ஒயர இழுத்துக்கிட்டு இருந்தான். முதுகு என் கைக்கு நேரா இருந்துச்சு. என்ன மாப்ளன்னு திரும்பிப் பார்த்தான்..."

திரையில் வாய் மூடியது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், எப்படி என்று கேட்கிற முகத்தோடு நின்றார். யாரும் கை தட்டவில்லை. வெங்கடேஷ்பாபு அழுதுகொண்டிருந்தான்.

"பாலத்துல ஏது மாமா ஒயரு?" என்றாள் வித்யாஸ்ரீ.

கருப்பு திரையைக் கைகாட்டினார். "அது... நானா பாப்பா சொன்னேன்? அந்தக் கார்ட்டூன் கருப்பு சொல்றதுல்ல?"

அவள் கம்ப்யூட்டரிலிருந்து சிடியை எடுத்து உறைக்குள் போட்டாள்.

"அந்தக் கார்ட்டூன்ல கொலைகாரனுக்குப் பேரே கிடையாது மாமா. கருப்புன்னு பேர் வச்சது நாங்கதான்."