புள்ளிக்கோழியின் கட்டைவிரல்

கறிக்கடைக்காரர் செல்போனில் படம் எடுத்தபோது, பக்கத்து வீட்டுப் புள்ளிக்கோழி பயத்தில் அலறிக்கொண்டிருந்தது. மறுவாரம் அந்தப் படம் அவர் கடை வாசலில் பேனராகத் தொங்கியது. அலறிய வாயில் வரிசையாகப் பல் வைத்துச் சிரிக்க விட்டிருந்தார்கள். இறக்கை நுனியில் ஒரு கட்டைவிரல் முளைத்து, "சூப்பர்" என்று நிமிர்ந்து நின்றது.

"எனக்கு ஏதுடா கட்டைவிரல்? யாரைக் கேட்டு வச்சாங்க?" என்று காக்கையிடம் பதறியது கோழி.

"எடுத்தவருக்குத்தான் படம் சொந்தமாம். என்ன வேணா செய்வாராம்."

"அப்ப மூஞ்சி யாருக்குச் சொந்தம்?"

காக்கை பறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி வந்து நின்றது. கூண்டுக்குள் வெள்ளைக்கோழிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று பேனரைப் பார்த்தது. கீழே நின்ற புள்ளிக்கோழியையும் பார்த்தது.

"அக்கா, படத்துல நீங்கதானே? இது நல்ல இடமா?"

"ஐயோ, அது நான் இல்லம்மா! நான் சிரிக்கவே இல்ல!"

"புள்ளியெல்லாம் அப்படியே இருக்கே! அக்காவுக்கு வெட்கத்தைப் பாரு."

கூண்டுக்குள் நடுக்கம் நின்றது. கடைக்காரர் கதவைத் திறந்து கையை விட்டபோது, அவை ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.