தினம் நான்கு சொட்டு

"ஒரு நாள் விட்டதில்லம்மா. காலைல எழுந்ததும் நாலு சொட்டு. அருமையான எண்ணெய்!" என்று சொல்லிச் சிரித்தார் கரெல்லோ. இத்தாலியின் டூரின் நகரத்தில் எங்கள் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அந்தக் கீழ்த்தளத்துக்காரரின் பல்லை யாரும் பார்த்ததில்லை.

நான்காம் மாடி லொரெதானாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அந்த எண்ணெய் அவள் ஈஸ்டருக்குக் கொடுத்த பரிசு.

சி.பி.டி. எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, போதை மட்டும் ஏறாது. தினம் சாப்பிட்டால் தூக்கம் வரும், முட்டிவலி போகும், கோபம் தணியும், மனசு இளகும் என்று மூலிகைக் கடைக்காரி அடுக்கிய பலன்களைக் கேட்டால் செத்தவனே எழுந்து உட்காருவான். விலையைக் கேட்டால் மறுபடி படுத்துவிடுவான்.

லொரெதானாவுக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பலன் மட்டும்தான். பக்கவாதம் வந்த பிறகு அவள் கணவர் ரெனாத்தோ இரண்டு வருஷமாகப் படியிறங்கவில்லை. எதிர்க் காப்பிக்கடையில் கூட்டாளிகள் சீட்டாடுவதை பால்கனியிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. லிஃப்ட் வந்தால்தான் மனுஷன் இனி தெருவை மிதிக்க முடியும்.

லிஃப்டுக்கு எல்லாரும் சம்மதம், கரெல்லோவைத் தவிர. வீடும் கடையுமாகக் கீழ்த்தளம் முழுக்க அவருடையது. ஓட்டில் அவர் பங்குதான் பெரிசு, அவர் கை தூக்காமல் இங்கே ஒரு பல்புகூட மாறாது.

போன குடியிருப்போர் கூட்டத்தில் அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது.

"கீழ இருக்கறவன் கீழயே போறதுக்கு லிஃப்ட் எதுக்குய்யா? அஞ்சாவது மாடி பூட்டிக் கிடக்கு. விலைக்குப் போட்டும் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. அப்ப யாருக்கு லிஃப்ட், மொட்டை மாடிப் புறாவுக்கா? அதுக்குத்தான் இறக்கை இருக்கே!"

அதே மனிதர்தான் இன்றைய கூட்டத்தில் இப்படிச் சிரிக்கிறார். நாங்கள் நாற்காலி போட்டிருந்த கூடத்தை ஒட்டித்தான் அவர் வீட்டு வாசல். ஆனாலும் எல்லாருக்கும் கடைசியாக வந்தார். அதுவும் வேர்த்து விறுவிறுத்து மாடிப்படி இறங்கி வந்தார்.

"என்ன சார், எழுபது வயசுல படியேறி இறங்கறீங்க!" என்றாள் லொரெதானா.

"உடம்புக்கு நல்லதுதானேம்மா."

லொரெதானா பக்கத்திலிருந்த இரண்டாம் மாடி புரூனாவின் விலாவில் இடித்தாள். "பாத்தியா? முட்டிவலியும் போயிடுச்சு."

"எங்கடி போச்சு? முட்டியப் பிடிச்சுக்கிட்டுதானே வந்தாரு."

"அது பழக்க தோஷம்!"

ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டுக் கதவுகூடத் திருந்திவிட்டது. முன்பெல்லாம் அதைத் திறந்தால் பன்றியை அறுப்பது போல் கத்தி ஊரை எழுப்பும், இப்போது பூனை மாதிரி திறந்து பூனை மாதிரி மூடுகிறது. எஜமானர் சாந்தமானால் கதவும் சாந்தமாகிவிடும் போலிருக்கிறது என்று நாங்களே கேலி பேசிக்கொண்டோம்.

நிர்வாகி முஸ்ஸோ அம்மாள் தொண்டையைச் செருமினாள். "லிஃப்ட் விஷயம். எதிர்ப்பு... கரெல்லோ சார், வழக்கம்போல எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க. ஆதரவுன்னு எழுதுங்க," என்று கையைத் தூக்கினார் கரெல்லோ. "சும்மா பேசிக்கிட்டே இருக்காம வேலைய சீக்கிரம் ஆரம்பிங்க."

லொரெதானாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டுக்கு ஓடி, தலையைத் தூக்கிக் கத்தினாள்.

"ஏங்க! லிஃப்ட் வருதுங்க! நீங்க கீழ வரப்போறீங்க!"

"என்னடி சத்தம்? யார் செத்தது?" என்றது மேலேயிருந்து ரெனாத்தோவின் குரல்.

"யாரும் சாகல. கரெல்லோ சார் ஒத்துக்கிட்டாரு!"

"அய்யோ! அப்ப அவருக்குத்தான் காலம் நெருங்கிடுச்சு!"

கூட்டம் கலைவதற்குள் எண்ணெயின் பெயரை எல்லாரும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். புரூனா தன் மாமியாருக்கு இரண்டு பாட்டில் போதுமா என்று கேட்டாள். மூலிகைக் கடைக்காரி அன்றைக்கு யார் முகத்தில் விழித்தாளோ!

சாயங்காலம் லொரெதானா புது பாட்டிலோடு கரெல்லோ வீட்டு மணியை அழுத்தினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"உங்க நல்ல மனசுக்கு, சார். இதையும் ஒரு நாள் விடாம எடுத்துக்கங்க. இந்த எண்ணெயாலதான் என் வீட்டுக்காரருக்கு விடிவு வந்துச்சு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நல்ல சமயத்துல கொண்டு வந்தீங்கம்மா! பழைய பாட்டில் காலி. கதவுக் கீலுக்கு விட இத அடிச்சுக்க ஆளே இல்ல. சொட்டுச் சொட்டா விட இந்தச் சின்ன ரப்பர் மூடி வேற, என்ன வசதி! பாருங்க, என் கதவு கப்சிப். மேல் வீட்டுல ஏழு கதவு இருக்கு, ஒவ்வொண்ணும் கிறீச் கிறீச்சுனு உயிர வாங்குது."

"கீலுக்கா?" லொரெதானா பாட்டிலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது சரி... எந்த மேல் வீடு?"

"அஞ்சாவது மாடிதான். போன வாரம் பாதி விலைக்கு நான்தான் வாங்கினேன்!"