பொம்மை நின்ற பிறகு

தஞ்சாவூர் விடுதி ஒன்றின் வரவேற்பறையில் ஒரு நாட்டியப் பொம்மை இருந்தது. மேலே மின்விசிறி சுழன்றால் அதன் தலையும் இடுப்பும் பாவாடையும் தனித்தனியே ஆடும். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"என் காத்துலதான் நீ ஆடுறே. மறந்துடாதே" என்று விசிறி அடிக்கடி சொல்லிக்காட்டும்.

"சரிண்ணே" என்று பொம்மை சிரிக்கும்.

அன்று ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி பொம்மைக்கு எதிரே உட்கார்ந்தாள். அது கழுத்தை அசைப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானும் அப்படியே அசைத்தாள். விமானத்துக்கு நேரமாகிறதென்று வாசலில் டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் திரும்பவில்லை.

திடீரென்று கரண்ட் போனது. விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. கீழே ஒரு தலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"காத்தே இல்லையே, இன்னும் என்ன ஆட்டம்? நிறுத்து. அந்தம்மா ஊருக்குப் போகணும்" என்றது விசிறி.

"நான் நின்னு நேரமாச்சுண்ணே" என்றது பொம்மை.

அம்மாளின் தலைதான் ஆடிக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை. உதட்டில் பொம்மையின் சிரிப்பு.

கூப்பிட வந்த டிரைவர் அவளைப் பார்த்து அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் கழுத்தும் அசைந்தது.