பாப்பா பார்த்த பேய்ப்படம்

"ஏழு வயசுலயா? இந்தப் படத்தையா? உங்க வீட்ல பெரியவங்கன்னு யாருமே இல்லையாம்மா?"

தயாரிப்பாளரின் விரல் சுவரில் தொங்கிய பழைய போஸ்டரைக் காட்டியது. கறுப்பு அங்கி போட்ட ஒருவன், அலறும் பெண்ணின் கழுத்தருகே வாயைப் பிளந்துகொண்டு குனிந்திருந்தான். ஓரத்தில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"காட்டினதே எங்கப்பாதான் சார்" என்றாள் உதவி இயக்குநர். பள்ளியில் முதலாவதாக வந்ததைச் சொல்கிற தோரணை.

அந்தத் திகில் படத்தை எடுத்தவர் தயாரிப்பாளரின் அப்பா. கிடங்கு தீப்பிடித்ததில் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகனுக்கு மேலோட்டமான கதை மட்டும்தான் ஞாபகம்; ஆனாலும் அதைத் திரும்ப எடுக்க ஆசை. படத்தைக் கரைத்துக் குடித்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும், கழுத்துக் கடிக் காட்சியைப் பற்றிக் கேட்டதும், "அப்போ கண்ணை மூடிக்கிட்டேன் சார்" என்றார்கள். மூடாமல் பார்த்த ஒரே ஜீவன் இவள்தான். வருஷக்கணக்கில் கிளாப் கட்டை பிடித்துக் கை காய்த்துவிட்டது. இன்று கதையைச் சொல்லி ஜெயித்தால் இயக்குநர் நாற்காலி. இல்லையென்றால் பழைய குருடி கதவைத் திறடி.

"பயமா இல்லையா?" என்று கேட்டார், பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக இருந்த மேனேஜர்.

"எதுக்கு சார் பயம்? அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில சாயங்கால டியூட்டி. அப்பா என்னைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். படம் மாறுற வரைக்கும் தினம் அதே படம்தான். எங்களுக்குன்னு தனி ரூம், தனி ஜன்னல்."

"பாக்ஸ் சீட்டா! வசதியான குடும்பம்தான்."

"ஒரு குறையும் இல்ல சார்."

"சரி, கதையைச் சொல்லும்மா" என்றார் தயாரிப்பாளர்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"மலை மேல ஒரு பங்களா. அதுல ஒரு டாக்டர். பாவம், கட்டில்கூட வாங்க வக்கில்லாம மரப்பெட்டியில படுத்துக் கிடக்கிறார். பகல்ல தூங்குவார். அவருக்கு எப்பவுமே நைட் ஷிஃப்ட்."

மேனேஜர் பேனாவை நிறுத்தினார். "டாக்டரா?"

"பல் டாக்டர் சார். அந்த ஊர்ல ஒருத்தரும் பல் தேய்க்க மாட்டாங்க. ராத்திரியானா வலி தாங்காம கத்துவாங்க. அவர் கூப்பிடாமலே வீடு வீடாப் போய்ப் பார்ப்பார். அந்தப் போஸ்டர்ல இருக்கிற வெள்ளைச் சேலை அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லு. பிடுங்கினதும் வாயெல்லாம் ரத்தம். ஆனா முகத்துல ஒரு நிம்மதி பாருங்க..."

மேனேஜர் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று அவள் நினைத்தாள், கதை அப்படி.

"கடைசிக் காட்சி?" தயாரிப்பாளரின் குரலில் ஈரமே இல்லை. "ஊரே தீப்பந்தத்தோட வருமே?"

"அன்னிக்கு கரண்ட் இல்ல சார். நன்றி சொல்ல வர்றாங்க. பெரியவர் ஒருத்தர் அவர் நெஞ்சுல மெடல் குத்துவார். கொஞ்சம் அழுத்திக் குத்திடுவார். சந்தோஷத்துல டாக்டருக்குப் பேச்சே வராது. அப்படியே கண்ணை மூடிக்குவார். எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வந்துடும்."

தயாரிப்பாளர் மேஜையைத் தட்டினார்.

"அவன் ரத்தக் காட்டேரிம்மா. ஊர்ல பாதிப் பேரைக் குடிச்சுத் தீர்த்துடுவான். நெஞ்சுல குத்தினது மெடல் இல்ல, ஈட்டி. எங்கப்பா படத்துக்கு தியேட்டர்ல ஆம்பளைங்களே மயங்கி விழுந்தாங்க."

"விழத்தான் செய்வாங்க சார். அவ்வளவு உருக்கம்."

"நீ படமே பார்க்கல. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க மேனேஜர்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. வாய்ப்பு போனால் போகட்டும். அப்பா காட்டின படத்தைப் பொய் என்று விட்டுவிட்டுப் போக முடியாது. செல்போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அப்பா, அந்தப் பல் டாக்டர் படம் நாம பார்த்தோமா இல்லையா? சத்தமாச் சொல்லுங்க. இங்க சார் நம்ப மாட்டேங்குறார்."



"அதை யார்கிட்டம்மா போய்ச் சொன்ன?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "ஆபரேட்டர் கேபின்ல நான் ஓட்டுற புரொஜெக்டர் போடுற சத்தத்துல ஒரு வசனமாவது நமக்குக் கேட்டுச்சா? பச்சப்புள்ள நீ. 'அந்த மாமா ஏம்ப்பா அக்காவைக் கடிக்கிறாரு?'ன்னு கேட்ட. கடிக்கலடா, பல்லுப் பார்க்கிறாருன்னு காதுல சொல்லிட்டேன். மறுநாளும் அதே படம். வாயில வந்ததை அப்புறம் மாத்த முடியுமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க டைரக்டர், பல் டாக்டரையே எடுப்போம்" என்ற தயாரிப்பாளர், போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஐயா, எங்கப்பா அதுக்கப்புறம் கோடாலிக் கொலைகாரன் படம் ஒண்ணு எடுத்தாரே, அதுக்குப் பாப்பாகிட்ட என்ன கதை சொன்னீங்க?"

"அவரா?" பழைய கேபின் ஆபரேட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவர் தச்சர் சார். ரொம்ப நல்ல மனுஷன்."