வெட்டிய ஒயர்

"செத்துப் போச்சு! உன் பொட்டியை நம்பினதுக்கு மில்லே செத்துப் போச்சு!"

பெண்கள் சங்கத் தலைவி மகாஜியா கத்திய கத்தலில், கானா நாட்டுத் தமாலே சந்தை பாதி திரும்பிப் பார்த்தது. மில்லின் முன்னால், வெண்ணெய் எடுக்க அரைக்க வந்த ஷியா கொட்டைப் பேசின்கள் வரிசையாகக் கிடந்தன. ஓடிக்கொண்டிருந்த மில் பட்டென்று நின்றுவிட்டது. பட்டனை யாரும் தொடவில்லை.

வும்பினி மில்லிடம் ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் முடித்து முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை. நிறுத்தும் பட்டனையும் அதற்கான சிப் பெட்டியையும் அவளே செய்து மாட்டியிருந்தாள். ஒரு வாரம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பழைய பட்டன்தான் என்று சங்கம் சொல்லியிருந்தது. இன்று ஏழாம் நாள்.

"சும்மா சும்மா நிக்கிற மில்லு எதுக்கும்மா? உன் பொட்டியைக் கழட்டு!" என்றாள் மகாஜியா.

"பாக்காம கழட்ட மாட்டேன்" என்றாள் வும்பினி.

பட்டனிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். பாதியில் கை நின்றது.

"இது எலி கடிச்சதில்ல. கட்டிங் பிளேயரால வெட்டினது."

எல்லோரும் மில் ஓட்டும் நபாரியைப் பார்த்தார்கள். பிளேயர் அவன் கையில்தான் இருந்தது. அதை அவன் மறைக்கக்கூட இல்லை.

"அடப்பாவி! சின்னப் பொண்ணு உன்னை மிஞ்சிடுவான்னு பொறாமையா?" மகாஜியா பாய்ந்தாள்.

"நான்தான் வெட்டினேன். யார் கையும் உள்ள இல்லாத நேரம் பாத்து" என்றான் நபாரி. "வும்பினி, ஒயர் அறுந்தா மில் ஏன் நின்னுச்சு? சொல்லு."

"பட்டன் வழியா 'ஓடு'ன்னு சிப்புக்குச் சேதி போய்க்கிட்டே இருக்கும். அமுக்கினாலும் சேதி நிக்கும், அறுந்தாலும் நிக்கும். சேதி நின்னா, அந்தச் சேதி வந்து சேர்ற சிப்போட கம்பிக்காலை ஒரு ரெசிஸ்டர் 'நில்லு' பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கும். அது இல்லேன்னா கால் எந்தப் பக்கமும் இல்லாம ஆடும்."

"அப்ப, அறுந்துபோகும்னு நீயே யோசிச்சுதான் மாட்டியிருக்க?"

"பின்ன? ஒயர்னா அறுந்துதானே அண்ணே போகும்?"

நபாரி முகம் முழுக்கச் சிரிப்பு. சொந்த மகள் பரீட்சையில் முதலாவது வந்த மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"கேட்டுக்கோங்க! அமுக்கினா நிக்கிற பட்டனை எவனும் செய்வான். நம்ம ஊர்ப் பொண்ணு அறுந்தாலும் நிக்கிற பட்டனைச் செஞ்சிருக்கா."

மகாஜியாவின் சுருதி இறங்கியது. "அதை வாயால கேட்டிருக்கலாமேடா. வெட்டித்தான் பாக்கணுமா?"

நபாரியின் சிரிப்பு அடங்கியது.

"என் பொண்டாட்டி ஸனாட்டுவுக்கு இதே மில்லுல மூணு விரல் போச்சு. பட்டனை அமுக்கத் தெரியாத முட்டாள்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க மகாஜியா? நேத்துத்தான் அந்தப் பழைய பட்டனைப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒயர் அறுந்து கிடக்கு, அமுக்கினாலும் மில்லு நின்னிருக்காது. அவ அமுக்கியிருக்கா."