கையெழுத்துக்கு முன்னால்

"ஏங்க, வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? போயும் போயும் உங்க தங்கச்சியையா கூப்பிட்டீங்க?"

பதிவு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி மனைவி அவன் காதைக் கடித்தாள்.

"மெதுவாப் பேசு. பத்திரத்தைப் படிச்சுச் சொல்ல தரகர் கூட்டிட்டு வர்ற ஆளு தரகருக்குத்தான் பேசுவான். இந்த நாட்டு பாஷையில நமக்கு ஒரு எழுத்து தெரியாது. அவ பத்து வருஷமா இங்க நர்ஸா இருக்கா. அவளுக்குத் தண்ணி பட்ட பாடு."

"பாஷை தெரியும், சரி. அந்த விஷயமும் தெரிஞ்சிருந்தா?"

தங்கை வந்துவிட்டாளா என்று அவன் வாசலைப் பார்த்தான். விடிந்ததிலிருந்து அதைத்தான் நினைக்காமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

அந்த விஷயம் வேறொன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கை லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, "கரண்ட் கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தணும்மா, ஒரு கையெழுத்துப் போடு" என்று பத்திரம் ஒன்றை நீட்டினான். அம்மா விட்டுப்போன வீட்டில் தன் பாதி தனக்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்கிற பத்திரம் அது. பதற்றத்தில் எழுதாத பேனாவைக் கொடுத்துவிட்டு, வேறு பேனா தேடி உள்ளே ஓடியதுகூட ஞாபகம் இருக்கிறது. அவளும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். அந்த வீட்டை விற்ற பணத்தில்தான் இப்போது இங்கே வீடு வாங்க வந்திருக்கிறான்.

"அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா இத்தனை நாள் சும்மா இருப்பாளா?" என்றான். சொன்ன குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

தங்கை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தாள்.

"ஸாரிண்ணா, பஸ் லேட். அண்ணி, சாப்பிட்டீங்களா?"

உள்ளே பதினான்கு பக்கப் பத்திரம் காத்திருந்தது. அதிகாரி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தரகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வெளியே இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறதாம்.

தங்கை வரி வரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பக்கத்தில் நின்றாள். திரும்பப் படித்தாள். அதிகாரி அம்மாவிடம் ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் என்னமோ பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"என்னம்மா?"

"அண்ணா, இதுல கையெழுத்துப் போடாத."

மனைவி அவன் முழங்கையைக் கிள்ளினாள். நான் சொன்னேன்ல என்கிற கிள்ளு அது.

"ஏன் போடக்கூடாது?"

"இந்த வார்த்தை இருக்கு பாரு..."

"அதைப் போன்ல போட்டுப் பாத்துட்டேனே! நீண்டகால உரிமைன்னு வந்துச்சு."

"உரிமைதான். ஆனா நாம சொல்ற சொந்தம் இல்ல. நிலம் வேற ஒருத்தரோடது. நமக்குக் குடியிருக்க மட்டும்தான் உரிமை. மொத்தம் அறுபது வருஷம். அதுல நாப்பத்தொன்பது ஏற்கெனவே ஓடிப்போச்சு. இன்னும் பதினோரு வருஷத்துல சாவியைக் குடுத்துட்டு வெளியே வந்துடணும்."

தரகர் குறுக்கே புகுந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"இங்க எல்லாரும் இப்படித்தான் வாங்கறாங்களாம்."

அவன் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். தரகர் சொல்வது நிஜமா, இவள் சொல்வது நிஜமா? இன்றைக்குப் போடாவிட்டால் கொடுத்த அட்வான்ஸ் போச்சு. அதற்குத்தான் அடி போடுகிறாளோ? விஷயம் தெரிந்து, இத்தனை நாள் காத்திருந்து பழி வாங்குகிறாளோ? கூடப் பிறந்தவளையே ஏமாற்றியவனுக்கு உலகத்தில் யார்தான் யோக்கியமாகத் தெரிவார்கள்!

தங்கையின் போன் அடித்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து. இதோ வந்துடறேண்ணா" என்று வெளியே போனாள்.

அவ்வளவுதான். சட்டென்று ஒன்பதாவது பக்கத்தை அதிகாரி அம்மாவிடம் தள்ளினான். தரையைக் காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். எனக்கா?

அதிகாரி அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

பத்து விரலை விரித்துக் காட்டினான். அப்புறம் ஒரு விரல்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் பேனாவால் வாசலைக் காட்டினார்.

தரகரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இவன் பேனாவை மூடி மேஜையில் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது.

வெளியே படிக்கட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வருஷம் கழித்துப் பெட்டி படுக்கையோடு நடுத்தெருவில் நின்றிருப்போமே என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பகீரென்றது. தங்கை சொன்னதைச் சோதித்துப் பார்த்த வெட்கம் அதைவிட அதிகமாகக் குத்தியது.

"இங்க பாரும்மா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கரண்ட் கனெக்‌ஷன்னு சொல்லி ஒரு பேப்பர்ல..."



"விடுண்ணா." தங்கை தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். "ரெண்டே பக்கம்தானே. நீ வேற பேனா தேடிட்டு வர்றதுக்குள்ள முழுசாப் படிச்சுட்டேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்."