நாற்பத்தேழாவது ஆள்

இது எந்த மாதம் நடந்தது என்பதை நான் தவறாகச் சொல்லக்கூடும். எண்ணிக்கை மட்டும் நினைவிருக்கிறது. மனிதருக்கு நாற்பத்தாறு குரோமோசோம்கள், கைக்குழந்தை டிலானிக்கு நாற்பத்தேழு, அதனால்தான் டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் விளக்கினார். கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அன்டன் மனைவி யூஜினாவின் வாயில் குத்தினான்.

"கூட வந்த ஒண்ணு எவனோடதுடி?"

"உங்க புள்ளதாங்க. யாருக்கும் இப்புடி வரலாம்னு டாக்டர் சொன்னாருல்ல."

அன்டன் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணி. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டான். நாற்பத்தாறு பேரும் குரல் கொடுத்தார்கள். தலைகளை எண்ணினான், நாற்பத்தேழு இருந்தன. அத்தனையும் தெரிந்த முகங்கள்.

"என்னாங்க கங்காணி, ஊத்துனது இன்னும் எறங்கலையா?" என்று வரிசையில் நின்ற சர்மிளா சிரித்தாள். அவளைக் கம்பால் அடித்துவிட்டு மறுபடி எண்ணினான். ஒரு வாரம் எண்ணினான். குறையவில்லை.

எட்டாம் நாள் பெரட்டிலிருந்தே, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வீட்டுக்கு நடந்தான்.

"வீட்டுல கூடுனதைக் கழிச்சாத்தான் இங்க சரியாகும்" என்றான்.

பெண்கள் பின்னால் ஓடினார்கள். யூஜினா பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் ஓங்கிய கத்தியை யாரோ ஒருத்தி அலகோடு பிடித்து நிறுத்தினாள். இரத்தம் பிள்ளையின் நெற்றியில் சொட்டியது. மற்றவர்கள் அவனைக் கீழே தள்ளி, கை முறியும்வரை மிதித்தார்கள்.

போலீஸ் நாற்பத்தாறு பெண்களின் உள்ளங்கைகளையும் பார்த்தது. ஒன்றிலும் வெட்டு இல்லை. யூஜினாவின் கையிலும் இல்லை.

அன்டன் சிறையில் இருக்கிறான். சர்மிளா இப்போது கங்காணி. யூஜினா இறம்பொடைக்குப் போய்விட்டாள். டிலானி நடக்கப் பழகிவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் யாரோ பிடித்துக்கொள்வதற்கு என்பதுபோல ஒரு கையை உயர்த்திக் கொடுத்தபடியேதான் நடக்கிறாள்.